மேனேஜர் ஓட்டிய சைக்கிள்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்த நேரம். டவுனுக்குப் போகும் டெம்போவில் எனக்கு எதிரே, ஒரே கம்பெனியின் காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னாண்ணே, சைக்கிள் இல்லாம டெம்போவுல?” என்று இளையவர் கேட்டார்.

“பூமி சூடாவுதாம். அதுக்காக என் சைக்கிள எடுத்துக்கிட்டாங்க,” என்றார் மூத்தவர்.

“யாரு?”

“மேனேஜருதான். மாசத்துல ஒரு நாளு காரு, பைக்கு எதுவும் எடுக்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குனாரு. எங்கிட்டயும்! இருவது வருசமா உழவர்கரையிலேர்ந்து மிதிச்சிக்கிட்டு வரேன்டா நானு!”

“சரி, சைக்கிள் எதுக்கு?”

“அவருகிட்ட ஏது சைக்கிளு? நேத்து சாயங்காலம் என் சைக்கிளத் தூக்கிக் காரு மேல கட்டி அவரு வூட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. இன்னைக்குக் காலையில அதுல வந்து எறங்குறாரு. பின்னாடியே காரு, ஏசி போட்டுக்கிட்டு ஊர்ந்து வருது. கம்பெனி கேட்டாண்ட மால, போட்டோ. கருமம்!”

“அதான் முடிஞ்சிதே, திருப்பிக் கேக்கறதுதான?”

“கேக்காம இருப்பனா? மாசா மாசம் வேணுமாம், ஆபீஸ்லயே நிக்கட்டும்ன்றாரு.”

“அப்ப நீங்க தெனம் எப்படி வருவீங்க?”

மூத்தவரின் குரல் உயர்ந்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“அதையுந்தான் கேட்டேன். ‘இன்னும் எத்தினி காலத்துக்குய்யா சைக்கிள் மிதிப்ப, ஒரு பைக்கு வாங்கிக்க’ன்றாருடா!”