வீட்டுக்கு ஒரு கூலிங் கிளாஸ்

— அந்த வெள்ளைக் கண்ணாடிப் பேச்ச இன்னொரு தடவ என் காதுல ஓதாத. இது வீடா, நகைக்கடை ஷோரூமா? ரோட்டுல போறவனெல்லாம் நின்னு வேடிக்கை பாக்க?

— அப்பா, கடைக்காரர் கீழ வந்து உக்காந்திருக்கார். ஹால், கிச்சன், மாடி ரூம், எல்லா ஜன்னலுக்கும் எந்தக் கண்ணாடின்னு இன்னிக்குச் சொல்லியாகணும். முதல்ல இந்த மேற்கு ரூமுல போட்டுப் பாப்போம்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்க கேட்ட கறுப்பையே போட்டோம். என்ன ஆச்சு?

— என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.

— கை வச்சா சுட்டுச்சு. வெயில் பூராவையும் குடிச்சு வச்சுக்கிட்டு, பொழுது சாஞ்சப்புறமும் உள்ள கக்கிக்கிட்டே இருந்துச்சு. உங்க பேத்தி தலகாணியத் தூக்கிட்டுக் கீழ ஓடிட்டா.

— அவளுக்கு எல்லாத்துக்கும் ஓடணும். அப்படியே உன் புத்தி. நான் சொல்றேன்ல, முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். கூலிங் கிளாஸ் இல்லாம ஒரு நாள் வண்டி எடுத்ததில்ல. எனக்கு வந்து வெயிலப் பத்திப் பாடம் எடுக்குற.

— கூலிங் கிளாஸ் கண்ணு கூசாம இருக்கத்தான். மண்ட காயாம இருக்கவா போட்டீங்க? வீட்டுக்கே கூலிங் கிளாஸ் மாட்டிவிட்ட ஒரே ஆளு நீங்கதான்ப்பா. அந்த லாரியையும் வித்துட்டு, இப்ப வீட்ட ஓட்டுறீங்க.

— வித்தேன். இன்னிக்கு ரோட்டுல ஓட்டுறவன் பூரா முட்டாள். அவனுங்களோட எவன் மல்லுக்கட்டுறது? உன்ன மாதிரிதான் எதிர்வீட்டு வாத்தியாரும். ரெட்டைக் கண்ணாடி, ரெட்டைக் கண்ணாடின்னு குதிச்சார். இப்ப வீட்டுக்குள்ள இருக்க முடியாம, நாள் பூரா பனியனோட மொட்டை மாடில நிக்கிறார். படிச்ச மனுஷன்.

— அவர் பனி பெய்யுற ஊருல இருக்குற மகன் சொன்னத அப்படியே வாங்கிட்டார். அது வெயில உள்ள விட்டு, சூடு வெளிய போகாம பூட்டி வைக்கிற கண்ணாடி. அவனுக்கு அது போர்வை, இவருக்கு அடுப்பு. கடைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், எங்க வீட்டு வெயிலுக்கு எதுன்னு. நான் சொல்றது வேற. வெளிச்சத்த மட்டும் விட்டுட்டு, சூட்டத் திருப்பி அனுப்பிடும்.

— ஆமாமா. கண்டக்டர் மாதிரி வாசல்ல நிக்கும். வெளிச்சமா, ஏறிக்கோ. சூடா, எறங்கு. எவனோ உன் காதுல பூ சுத்திருக்கான், நீயும் தலைய ஆட்டிட்டு வந்துட்ட.

— சரிப்பா. இப்ப இந்த ரூம் எப்படி இருக்கு?

— எப்படி இருக்கு? ஜில்லுனு இருக்கு. வெயில் நேரா மேல விழுற நேரம், ஃபேன் கூடப் போடல. யார் போட்ட கண்ணாடி? நான் போட்டது. அதுல உக்காந்துக்கிட்டு என்னையே கிண்டல் பண்ணு.

— நல்லா நடிக்கிறீங்க. சித்தப்பா வீட்டுலேர்ந்து நேத்து ராத்திரி வந்து எறங்கினீங்க. காலைலேர்ந்து நானும் பாக்குறேன், எப்பத்தான் வாயத் தொறப்பீங்கன்னு. தோத்தேன்னு சொல்ல அவ்வளவு கசக்குதா?

— நான் எதுல தோத்தேன்?

— ஜன்னலப் பாருங்க. எதிர் மொட்டை மாடில என்ன தெரியுது?

— துணி காயுது.

— என்ன நிறம்?

— கறுப்புக் கண்ணாடி வழியா நிறமா தெரியும்? மங்கலாத்தான் தெரியும். அதுக்குத்தான போட்டது.

— அப்பா, அது துணி இல்ல. வாத்தியார் நிக்கிறார். உங்களப் பாத்து கையாட்டுறார்.

— அந்தாளுக்கு வேற வேலை இல்ல.

— கறுப்புக் கண்ணாடிய நீங்க ஊருல இல்லாதப்பவே கழட்டிட்டேன். இது வெள்ளைக் கண்ணாடி. ரூம் பூரா வெளிச்சம்ப்பா. நீங்க பாத்து அசந்து போவீங்கன்னு இருந்தேன்.

— கடைக்காரர் காத்துக்கிட்டு இருக்கார்னியே. போய்ப் பேசு.

— எவ்வளவு நாளாப்பா?

— லாரிய வேற எதுக்கு விப்பேன்?

— அப்ப கண்ணு இப்படின்னு தெரிஞ்சுமா எல்லா ஜன்னலுக்கும் கறுப்பு கேட்டீங்க? எதுக்குப்பா?

— வீடு பூரா இருட்டா இருந்தா, எனக்கு மட்டும் இருட்டா இருக்காதுல்ல.