குதிக்கால் விழும் இடம்

மைதானத்தில் பனி அள்ளும்போது யந்திரத்தின் தகட்டைத் தரையில் முட்டவிடக் கூடாது. ஒரு விரல் உயரம் விட்டுத்தான் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் செயற்கைப் புல்லுக்குள் கிடக்கும் கறுப்பு ரப்பர்த் துகளெல்லாம் பனியோடு சேர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். தகடு விட்டுவைத்த பனியைத் தும்பு உருளையால் கூட்டலாம். வீதியில் பனி அள்ளிப் பழகியவர்களுக்கு இது விளங்க நாள் எடுக்கும்.

நான் ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கோடையில் கோடு போடுவேன், மாரியில் பனி அள்ளுவேன். மீதி நேரம் மனிதர் துப்பியதைப் பொறுக்குவேன். உதட்டுக்கு அடியில் ஊறிய ஸ்னூஸ் புகையிலைப் பொட்டலம், சுவிங்கம், இரத்தம் காய்ந்த பிளாஸ்டர், மூக்குச் சிந்திய கையுறை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு வீரர்கள் தெரிவார்கள். எனக்கு அவர்கள் விட்டுப் போனது தெரியும். மேசையில் சோற்றை வைத்தால் சில நாட்களில் அந்தப் பொட்டலங்கள்தான் கண்ணுக்குள் நிற்கும். கையை இரண்டாம் முறை கழுவிவிட்டு வந்து சாப்பிடுவேன்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பதுக்குப் பிறகு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், என் மகன் நிருஜன் முன் வாங்கில் இருந்து படிக்க, நான் கடைசி வாங்கில் இருந்து படித்தேன். அவனுக்கு ஏழு வயது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஒரே மேசையில் எழுதுவோம். என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு அது பிழையாகப் படவில்லை.

எழுதி முடிந்ததும் கட்டடத்துக்குப் பின்னால் போவோம். அவன் எறிவான், நான் பிடிப்பேன். முதலில் ரெனிஸ் பந்து. பிறகு ஒஸ்லோவில் ஒரு சின்னக் கழகத்தில் அமெரிக்க உதைபந்தாட்டம் பழகத் தொடங்கினான். அதன் பந்து இரண்டு பக்கமும் கூரானது. பேர் உதைபந்தாட்டம் என்றாலும் காலால் உதைப்பது குறைவு. குவாட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, முன்னால் ஓடுகிறவனுக்கு எறிவது அவன் வேலை. அவன் எறிவதற்குள் அவனை விழுத்துவது எதிரணியின் வேலை. நிருஜன் குவாட்டர்பேக். என் இடது கைச் சின்னவிரல் இன்றைக்கும் வளைந்திருக்கிறது. அது அவனுடைய பந்து பட்டு வளைந்தது.

பிறகு அவன் அமெரிக்காவில் மினசோட்டா என்ற இடத்துக்குப் படிக்கப் போனான். சின்னக் கல்லூரி. அங்கேயும் அவன்தான் குவாட்டர்பேக். போனவன் போனவன்தான். தொலைபேசியில் கதைப்பான். எனக்கு அதில் குறை இல்லை.

குறை மற்றவர்களிடம்தான். என் மனைவியின் தமையன் ஜெகதீஸ்வரன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கிறார். அந்த வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நிருஜனின் ஆட்டத்தைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டார். ஆட்கள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

“மச்சான், எங்கட பெடியன் தொழில்முறை அணிக்கு எடுபட்டான் எண்டா, நான் வேலையை விட்டுட்டு அவனுக்கு மனேஜராப் போறன்,” என்றார் ஜெகதீஸ்வரன்.

“நீ போனா அவங்கள் உன்னைத்தான் முன்னால விடுவாங்கள். உந்த வண்டி வயித்தைத் தாண்டி ஆர் வாறது?” என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் மூன்று பேர் நிருஜன் மேல் விழுந்தார்கள். கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவன் எழும்பும் வரைக்கும் ஒருவரும் மெல்லுவதை நிறுத்தவில்லை. எழும்பியதும் எண்ணெய்க் கையோடு தட்டினார்கள். நான் யன்னல் பக்கம் போய் நின்றேன்.

“பிள்ளை விரும்புறான். உங்கட வாயில ஒரு நல்ல சொல் வராதோ?” என்று என் மனைவி புஷ்பராணி வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்.

அவள் அவனைப் பெற்றவள். ஆனால் பந்து பிடித்தவள் இல்லை.

2008 ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் கடைசி வருடம். ஏப்ரல் கடைசியில் அங்கே டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். தொழில்முறை அணிகள் கல்லூரிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எடுப்பார்கள். சின்னக் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் போவது குறைவு. ஆனால் ஒரு அணிக்கு ஆள் மதிப்பிடுகிற டேல் என்பவர் ஒஸ்லோவில் பெண் எடுத்தவர். ஈஸ்டருக்கு மாமன் வீட்டுக்கு வருகிறார். நிருஜன் அதைக் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறான். அவரும் ஒரு காலை நேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

“அப்பா, அந்தாள் வியாழக்கிழமை வருதாம். உங்கட மைதானத்திலதான். அரைவாசி கூட்டினாக் காணும்.”

“ஆர் பிடிக்கிறது?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “உங்கட கை உடைஞ்சு போகும் அப்பா. பிரசாந்தன் வாறான். நீங்கள் பனியை மட்டும் பாருங்கோ.”

பிரசாந்தன் அவனோடு பழைய கழகத்தில் ஆடியவன். நல்ல பிள்ளை. நான் ஓம் என்றேன்.

திங்களும் செவ்வாயும் அவர்கள் வந்து பழகினார்கள். நான் யந்திரத்தில் இருந்தபடி பார்த்தேன். டேல் வருவதற்கு முன்பே என் மகனை நான் மதிப்பிட்டு முடித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உயரம் கொஞ்சம் குறைவு. எறியும் கை சுத்தம். அவசரப்படமாட்டான். எல்லாவற்றையும்விட, அவன் பின்னால் நகர்ந்து வலது காலை ஊன்றும் இடம் மாறாது. அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்தேன். மெல்லிய பனியில் அவனுடைய குதிக்கால் ஒரே குழியில் விழுந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு குழி இல்லை. அப்படி ஒரு ஒழுங்கை நான் வேறு ஒருவரிடமும் கண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை அரை மைதானத்தைக் கூட்டினேன். அந்த விளையாட்டுக்கு வேண்டிய கோடு எங்கள் மைதானத்தில் இல்லை. ஆகவே நிருஜன் காட்டிய இடத்தில் பந்து வைக்கும் கோட்டை நானே போட்டேன். மாலை மங்கும் நேரம் குழாயை இழுத்து வந்து, கோட்டிலிருந்து அளந்து, குதிக்கால் விழும் இடத்தில் தண்ணீர் விட்டேன். ஒரு கால்மிதி அளவுதான். பக்கத்துச் சரளைத் திடலில் பிள்ளைகள் சறுக்குவதற்கு ஒவ்வொரு மாரியும் நான் இப்படித்தான் பனித்தளம் போடுகிறேன். ஒரேயடியாக ஊற்றக் கூடாது. கொஞ்சம் விட்டு, இறுகவிட்டு, திரும்பக் கொஞ்சம் விட வேண்டும். அப்போதுதான் கண்ணாடி மாதிரி வரும். காலையில் அதன் மேல் கறுப்புத் துகளைத் தூவிக் கூட்டும் தும்புக்கட்டையால் தடவினேன். மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு தகப்பன் இப்படிச் செய்வானா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். அங்கே அவனை எப்படியும் முறிக்கப் போகிறார்கள். கழுத்தா முதுகா, எந்த ஊரில், ஆருடைய கையால், ஒன்றும் தெரியாது. இங்கே என்றால் ஒரு கால். தகப்பன் பக்கத்தில் நிற்கிறான். ஆஸ்பத்திரி கிட்ட. ஆட்கள் றோல்ஸ் தின்றுகொண்டு பார்க்கமாட்டார்கள்.

டேல் சொன்ன நேரத்துக்கு வந்தார். மரியாதையான மனிதர். அவருக்கு நொர்வேஜியப் பாஷை அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆகவே எங்களுக்குள் நன்றாக விளங்கியது. புகையிலையை வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, காகிதக் கோப்பையில் துப்பித் துப்பிக் கதைத்தார். யந்திரக் கொட்டிலுக்குள் நான் சாப்பிடும் மேசையில் அளவுகோலை வைத்து, நிருஜனின் கையை விரிக்கச் சொன்னார். உடுப்பைக் களையச் சொல்லித் தராசில் நிறுத்தார். முன்னால், பக்கத்தில், பின்னால் என்று படம் எடுத்தார். தோள்மூட்டை விரலால் அமத்திச் சுழற்றினார். என் மகன் குளிரில் மயிர் சிலிர்த்துக்கொண்டு, புன்னகையோடு நின்றான்.

இந்த நாட்டின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான் பல வருடம் நின்றவன். அங்கே ஒரு மேசை இருக்கும். மேலே கண்ணாடி, அடியில் விளக்கு. மீன் தசையை அதன்மேல் பரப்பினால் உள்ளே இருக்கும் புழு நிழலாகத் தெரியும். புழு இல்லாதது ஒரு பெட்டிக்குள், மற்றது மிருகத் தீனுக்கு. அந்த வாடை கையை விட்டுப் போக எனக்கு எத்தனையோ காலம் எடுத்தது. அன்றைக்குக் கொட்டிலுக்குள் அதே வாடை வந்தது. டேல் என்னைப் பார்த்து, தாய்வழியில் ஆண்கள் எவ்வளவு உயரம், ஆருக்கும் நெஞ்சுவருத்தம் உண்டா என்று கேட்டார். ஜெகதீஸ்வரனின் உயரத்தைச் சொன்னேன்.

“சொல் கேட்கிற பிள்ளையா?” என்றார்.

“கேட்பான்,” என்றேன்.

நிருஜன் உடுத்துக்கொண்டு, பிரசாந்தனோடு ஓரத்தில் போய் உடம்பைச் சூடாக்கினான். டேல் என்னுடைய போத்தலிலிருந்து ஒரு கோப்பி குடித்தார். குடித்து முடிந்ததும் நாங்கள் இருவரும் வெளியே போனோம். நிருஜன் கோட்டில் நின்றான். நான் பார்க்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பந்தை எடுத்தான், பின்னால் நகர்ந்தான், வலது காலை ஊன்றினான்.

குதிக்கால் நான் நினைத்த இடத்தில்தான் விழுந்தது. ஒரு விரலும் தப்பவில்லை. கால் வெளிப்பக்கம் போனது, உடம்பு மற்றப் பக்கம் திரும்பியது. முழங்காலில் ஈர விறகு முறிகிற சத்தம் கேட்டது. பந்து மட்டும் கையை விட்டு ஒழுங்காகப் போனது. பிரசாந்தன் அதைப் பிடித்துவிட்டுத்தான் இங்கே ஓடி வந்தான்.

“அப்பா,” என்றான் நிருஜன். “அப்பா, பிடியுங்கோ.”

நான் பிடித்தேன். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டேல் பக்கத்தில் முழந்தாளிட்டு, துக்கமாக இருக்கிறது என்றார். அம்புலன்ஸ் வந்து போன பிறகு அளவுகோலையும் தராசையும் பையில் போட்டுப் பூட்டினார். துப்பல் கோப்பையை மேசையிலேயே விட்டுப் போனார். அதை நான்தான் ஊற்றிக் கழுவினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஓங்காளம் வரும். முழங்கால் சத்தத்தை நினைத்தால் வருவதில்லை.

பிறகு வெந்நீர் விட்டு அந்த இடத்தைக் கரைத்தேன்.

முழங்காலுக்குள் கட்டியிருக்கும் நார்கள் அறுந்து, குருத்தெலும்பும் சிதைந்துவிட்டது என்றார்கள். இரண்டு முறை வெட்டித் தைத்தார்கள். நடக்கலாம், விளையாட ஏலாது. நிருஜன் ஒருவரையும் குறை சொல்லவில்லை. தன்னுடைய கால் பிழையாக விழுந்துவிட்டது என்றே எல்லோருக்கும் சொன்னான். ஒருநாள் மட்டும் என்னிடம் கேட்டான்.

“அப்பா, அண்டைக்கு அந்த இடத்தை வடிவாக் கூட்டினனீங்கள்தானே?”

“ஓம் ராசா,” என்றேன். அது பொய் இல்லை.

அவன் மினசோட்டாவுக்குத் திரும்பிப் போகவில்லை. படிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் அதிகாரியிடம் சொல்லி அவனை என்னோடு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கோப்பி குடித்துவிட்டுப் போகிறோம். நான் யந்திரம் ஓட்ட, அவன் காலை இழுத்து இழுத்து முன்னால் நடந்து, பனி இறுகிய இடங்களில் சின்னக் கல் தூவுகிறான். ஆரும் சறுக்கி விழக் கூடாது என்பதில் மிகக் கவனம். சாப்பாட்டு நேரத்தில் அதே மேசையில் எதிரெதிரே இருக்கிறோம். அதிகம் கதைக்கமாட்டான். சனிக்கிழமைகளில் பந்தை எடுத்து அவன் மடியில் வைப்பேன். இன்னும் எறியவில்லை. எறிவான்.

மேலே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். டேல் கோப்பி குடித்ததைச் சொன்னேன், குடிக்கும்போது சொன்னதைச் சொல்லவில்லை.

“அருமையான பிள்ளை,” என்றார். “ஆனால் எங்களுக்குச் சரிவராது. உயரம் காணாது, கை பெரிதில்லை. டிராஃப்டில் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். இவ்வளவு ஆயத்தம் செய்தவன், எறியட்டும், மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போகிறேன்.”

சொல்லிவிட்டு ஆறுதலாகக் குடித்தார். யன்னலுக்கு வெளியே நிருஜன் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கொட்டிலிலிருந்து அந்தக் கோடு கூப்பிடு தூரம். தும்புக்கட்டை என் கைக்குப் பக்கத்தில்தான் சாத்தியிருந்தது. யந்திரத்தின் தும்பு உருளையை ஒருமுறை மேலால் ஓட்டியிருந்தாலும் காணும், அடியில் இருந்த பனித்தளம் தெரிந்திருக்கும்.

நான் எழும்பவில்லை. ஒருவரும் எடுக்காவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான், கனடாவிலோ ஜெர்மனியிலோ இன்னொரு இடம் தேடுவான். அவனுக்குத்தான் இரண்டு காலும் நன்றாக இருந்தனவே. டேலுக்கு இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினேன்.