தலைவர் கையில் ஒரு கோஸ் இலை

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே, தோட்டக் குழுவின் மூத்தவர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சீக்கிரம் முடி என்று கடைசி வரிசையிலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டும் என் மைத்துனரே, அனைவருக்கும் பணிவான மாலை வணக்கம்.

வாசலில் ஆளுக்கொரு முட்டைக்கோஸ் இலை கொடுத்தோம். பலர் அதை விசிறியாக்கிவிட்டீர்கள். விசிறுங்கள், ஆனால் கிழித்துவிடாதீர்கள். அதற்கு வேலை இருக்கிறது.

நம் பின்புறத் தோட்டத்துக் கோஸுக்கு நாளைக் காலை மருந்தடிப்பது என்பது தலைவர் கொண்டுவந்த தீர்மானம். சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள். அதற்குமுன் கேட்கிறேன். புழு தின்ற இலையைப் பார்த்துப் பதறுகிறோமே, புழுவே தின்னப் பயப்படும் இலையைப் பிள்ளையின் தட்டில் வைக்கலாமா? விளையாடிக்கொண்டே இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள் என் மகள். அவளிடம் எந்தச் செடியைத் தொடாதே என்பேன்? எத்தனை நாள் என்பேன்?

"அப்போ புழுவுக்கே விட்டுடலாமா?" என்கிறார் அங்கே ஒருவர். வேண்டாம் ஐயா, எனக்கும் புழுமேல் பாசம் கிடையாது.

சென்ற மாதம் தையற்காரரான என் மைத்துனர், கொசுவலையைத் தைத்து, அதே தோட்டத்தில் எங்கள் வீட்டுக் கோஸ் பாத்தியைப் போர்த்தினார். நேர்த்தியான வேலை. வண்ணத்துப்பூச்சி நுழைய வழியே இல்லை. ஆனால் வாரம் திரும்புவதற்குள் இலையெல்லாம் வெறும் நரம்பாகிவிட்டது. என் மனைவி வலைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, மூடுறதுக்கு முன்னாடி உள்ளே யாரு இருக்கான்னு பார்த்தியா?" என்றாள்.

பூச்சி முன்பே முட்டையிட்டுப் போயிருந்தது. பச்சைக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தது பகை. புழு தின்ன வந்த குருவியோ வெளியே நின்று வலையைக் கொத்திக்கொண்டிருந்தது. திருடனை உள்ளே வைத்துப் பூட்டி, காவல்காரனை வெளியே நிறுத்திய பெருமை எங்கள் குடும்பத்துக்கே. சிரிக்காதீர்கள், கடிகாரம் காட்டியவர் தலை குனிந்துவிட்டார்.

அன்றே இலை இலையாகத் திருப்பினோம். புழுவைப் பொறுக்கினோம், முட்டையைத் துடைத்தோம், அதன்பிறகு போர்த்தி, வலையின் ஓரங்களை மண்ணால் மூடினோம். இன்று நடுக்குருத்து ஓட்டை இல்லாமல் விரிகிறது. மனம் நிறைந்து சொல்கிறேன், உருண்டு வருகிறது கோஸ்.

இப்போது உங்கள் இலையைத் திருப்புங்கள். இன்று நம் தோட்டத்தில் பறித்ததுதான். அடியில் மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிகிறது என்கிறார்கள் தாய்மார்கள். அது தூசி அல்ல, அடுத்த வாரத்துப் புழு. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, தீர்ந்தது. வீட்டுக்கு ஒருவர் வாரம் இருமுறை வந்து இப்படிப் பார்த்தால், மருந்துக்கு என்ன வேலை?

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தம் இலையைத் தேய்க்கிறார். "இவ்வளவுதானா? அப்போ நாளைக்கு மருந்துக்காரரை வரவேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்கிறார். அவர் முன் ஒலிவாங்கி இல்லாததால் உங்களுக்குக் கேட்டிருக்காது.

அதைச் சபை சொல்லட்டும் ஐயா. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். தீர்மானத்துக்குக் கை தூக்குவதானால் தூக்குங்கள். கட்டைவிரலில் ஒட்டியிருக்கும் மஞ்சளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.