படத்துப் பேய்க்கு ஒரு தீர்ப்பு

குழந்தைசாமி: ...நேத்து ராத்திரிப் படத்துல கயிறு தெரிஞ்சுதுங்க பெரியப்பா. பேயி பறக்குதுன்னு காட்டறான், இடுப்புல கட்டின கயிறு மேல வரைக்கும் போகுது.

அர்த்தனாரி: கயிறு மட்டுமா? வௌவாலுன்னு ஒண்ணு வந்துச்சே... கருப்புத் துணியக் குச்சியில கட்டி ஆட்டியிருக்கான்.

இருசாயி: மந்திரவாதிக்குத் தாடி ஒரு பக்கமா எறங்கிப்போச்சு மாமா. ஒரு கையில தாடியப் புடிச்சுக்கிட்டே மந்திரம் சொல்றான்.

அர்த்தனாரி: எனக்கு அங்கதான் சிரிப்பு வந்திருச்சு.

இருசாயி: ஊர்க்கவுண்டரு நீங்களே அப்படிச் சிரிச்சா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? பொன்னன், கருப்பண்ணன், நம்ம மலைக்காரங்க அத்தனை பேரும் உருண்டாங்க. முன்னால உக்காந்திருந்த கீழ்நாட்டுக்காரங்க திரும்பித் திரும்பி மொறைச்சாங்க.

குழந்தைசாமி: அவங்க பயந்து போயி இருந்தாங்க புள்ள. ஒரு ஆளு துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு, "போயிருச்சா, போயிருச்சா"ன்னு பொண்டாட்டியக் கேக்கறான்.

அர்த்தனாரி: கரடி வர்ற காட்டுல தனியாப் படுத்துக் காவல் காக்கறவங்க நாம. நம்மளப் போயி ஒரு வெள்ளச் சேலை பயமுறுத்துமா?

இருசாயி: அந்தச் சேலையும் கிழிஞ்சு கெடந்துச்சு. பேயிக்கு ஒரு நல்ல சேலை எடுத்துத் தர வக்கில்ல, அவனெல்லாம் படம் எடுக்க வந்துட்டான்.

குழந்தைசாமி: மொத்தப் படத்துக்கும் ஒரே ஊடு, ஒரே கெணறு. ஜமீன்தார் ஊடுங்கறான், அதே ஊடு. போலீஸ் ஸ்டேஷனுங்கறான், அதுவும் அதே ஊடு. வாசல்ல ஒரு பலகைய மாட்டிட்டான், அவ்வளவுதான்.

அர்த்தனாரி: சண்டைக் காலத்துல பிலிமு கெடைக்காம, மிச்சம் மீதிய ஒட்டி எடுத்த படமாம். டென்ட்டுக் கொட்டாய் வாசல்ல பேசிக்கிட்டாங்க.

இருசாயி: செத்துக் கெடந்தவ வயிறு ஏறி எறங்குச்சு, அதைப் பாத்தீங்களா?

அர்த்தனாரி: நீ அதெல்லாம் எங்க பாத்தே? நீதான் கத்திக்கிட்டு இருந்தியே. மலைக்காரங்க சிரிக்கறாங்க, கீழ்நாட்டுக்காரங்க பயப்படறாங்க. நீ ஒருத்தி மட்டும் எந்திரிச்சு நின்னுக்கிட்டு, "கதவத் தொறடா பாவி"ன்னு... மெஷின் ஓட்டறவனே பயந்து மெஷின நிறுத்திட்டான்.

குழந்தைசாமி: விடுங்க பெரியப்பா. அவளுக்கு இதான் மொதப் படம்.

இருசாயி: உங்களுக்கு மட்டும் பத்தாவது படமா? கோவம் வந்துச்சு, கத்துனேன். கூடப் பொறந்தவ மழையில நனைஞ்சுக்கிட்டு கதவத் தட்டறா. உள்ளார அண்ணங்காரன் தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். அவ போயிக் கெணத்துல விழுந்து, பேயாத் திரும்பி வந்து அதே கதவத் தட்டுனா, மந்திரவாதியக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொல்றான். அந்தப் பொண்ணு அப்படி என்னத்தக் கேட்டுட்டா? உள்ள வரட்டுமான்னுதானே கேட்டா.

குழந்தைசாமி: சொல்லாம கொள்ளாம ஒருத்தனோட போனவ அவ.

இருசாயி: படத்துலதானுங்களே?

குழந்தைசாமி: ...படத்துலதான் சொல்றேன்.

அர்த்தனாரி: செரி, எந்திரிங்க. வெயிலு ஏறறதுக்குள்ள அந்த மேட்டத் தாண்டிறலாம்.

குழந்தைசாமி: இன்னும் சித்த உக்காரலாமுங்க. முட்டி புடிச்சுக்கிச்சு.

அர்த்தனாரி: புளியஞ்சோலையில இருந்து ஏற ஆரம்பிச்சு இதோட அஞ்சாவது தடவை உக்காந்துட்டே. மொளகு மூட்டையத் தூக்கிக்கிட்டு எறங்கறப்ப வராத முட்டி வலி, வெறுங்கையோட ஏறறப்ப வருதா?

குழந்தைசாமி: சந்தையில ரொம்ப நேரம் நின்னுட்டேனுங்க.

அர்த்தனாரி: செரி, உக்காரு. நானும் உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். இன்னிக்கு வெடியால கெளம்பறப்ப பொன்னன் ஒரு சேதி சொன்னான்.

குழந்தைசாமி: என்னங்க சேதி?

அர்த்தனாரி: அந்தப் பேயி உன் தங்கச்சி பாவாயின்னு சொல்றான்.

குழந்தைசாமி: பாவாயி செத்துட்டா.

அர்த்தனாரி: செத்துட்டாளா, செத்தவன்னு நாம வெச்சமா?

குழந்தைசாமி: ரெண்டும் ஒண்ணுதானுங்களே. நாடகக்காரனோட போனா. ஊரு கூடிச் சொல்லுச்சு. மொட்டை அடிச்சுக்கிட்டு கருமாதி செஞ்சேன். நீங்கதான் முன்னால நின்னீங்க. மூணு வருசம் ஆச்சு.

அர்த்தனாரி: நின்னேன். அதனாலதான் கேக்கறேன். சாயங்காலம் ஊர்க் கூட்டத்துல பொன்னன் இதைக் கௌப்புவான். கருமாதி செஞ்சவளோட ஒறவு வெச்சா, அந்த ஊட்டுக்கு ஊர்ல ஒருத்தரும் நெருப்புக் குடுக்க மாட்டாங்க, தண்ணி குடுக்க மாட்டாங்க. உன் பொண்டாட்டி அத்தனை பேரு முன்னால எந்திரிச்சுக் கத்தியிருக்கா.

இருசாயி: படத்தப் பாத்துக் கத்துனா ஒறவாயிருமா மாமா?

அர்த்தனாரி: படத்துல யாரப் பாத்துக் கத்துனேன்னு கேப்பாங்க.

இருசாயி: பேயப் பாத்துத்தான். மூஞ்சி பூராக் கரியப் பூசி, முடியத் தொங்கவிட்டுக்கிட்டு வந்துச்சு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. பொன்னனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?

அர்த்தனாரி: சத்தத்த வெச்சுச் சொல்றான். பேயி ஊளையிட்டப்ப கீழ்நாட்டுப் பொம்பளைங்க கொழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடினாங்களே... அது ஊளையில்ல, சாமைக் காட்டுல மேய வர்ற பன்னிய முடுக்கித் தொரத்தற சத்தமுங்கறான்.

குழந்தைசாமி: பன்னி எல்லாரும்தான் முடுக்கறாங்க.

அர்த்தனாரி: ஒரு காட்டுச் சத்தம் இன்னொரு காட்டுக்கு வராதே. எந்தப் பரண்ல யாரு முழிச்சிருக்காங்கன்னு சத்தத்தக் கேட்டே சொல்லிருவோம். மூணு தடவை நீட்டிட்டு, கடைசியில வெடுக்குன்னு நிறுத்தறது உங்கப்பன் காட்டுச் சத்தம்.

குழந்தைசாமி: அந்த நாடகக்காரன் நம்ம ஊர்ல ஒரு மாசம் தங்கினான். கேட்டுட்டுப் போயி வேற யாருக்காச்சும் சொல்லிக் குடுத்திருப்பான்.

இருசாயி: ஆமா மாமா. சொல்லிக் குடுத்தா யாருக்கும் வந்துரும்.

அர்த்தனாரி: நீ பத்து வருசமா அந்தக் காட்டுலதான இருக்கே. உனக்கு வருமா? எங்க, ஒரு தடவை கத்து.

இருசாயி: ...எனக்கு நேத்துல இருந்து தொண்டை கட்டியிருக்குது.

அர்த்தனாரி: அப்பறம் படத்துல வந்த அந்தப் புளியமரம். படம் பூராக் கயிறு. மரம் ஏறினா பாரு, அதுல மட்டும் கயிறில்ல. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, நம்ம பொம்பளைங்க பலா மரத்துல ஏறற மாதிரி வெரசா...

குழந்தைசாமி: நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னுல்ல நெனச்சேன்.

அர்த்தனாரி: அதுக்கு மேல நம்ம ஆளுக ஒருத்தரும் சிரிக்கல குழந்தைசாமி. நீ கவனிக்கல.

இருசாயி: மாமா, பாவாயிய விடுங்க. செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். நான் படத்தப் பத்திக் கேக்கறேன். அந்த வழக்கு நம்ம ஊர்க் கூட்டத்துக்கு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அர்த்தனாரி: பேயிக்குப் பஞ்சாயத்தா?

இருசாயி: பேயின்னா நியாயம் கெடையாதுங்களா? ஜமீன்தாரு வாராரு, போலீஸ்காரரு வாராரு, மந்திரவாதி வாரான். ஒருத்தராச்சும் அவள உக்கார வெச்சு, உனக்கு என்னம்மா கொறைன்னு கேட்டாங்களா? கேட்டிருந்தாப் படம் அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

அர்த்தனாரி: அது வாஸ்தவம். எனக்கும் பட்டுச்சு. மெரட்டறதுக்கும் ஆணி அடிக்கறதுக்கும் ஆளு இருந்துச்சே தவிர, கேக்கறதுக்கு ஒரு நாதி இல்ல... செரி, கூட்டம் கூடியாச்சுன்னு வெச்சுக்க. பேயிக்காக நீ பேசு. என்ன பிராது?

இருசாயி: சொல்லாம போனேன், தப்புத்தான். எவன நம்பிப் போனேனோ, அவன் காய்ச்சல்ல செத்துட்டான்—

குழந்தைசாமி: படத்துல அவன் பாம்பு கடிச்சுல்ல செத்தான்?

இருசாயி: ...பாம்புதான். பாம்பு கடிச்சுச் செத்துட்டான். இப்ப எனக்குப் போக்கிடம் இல்ல. எங்க அண்ணன் ஊட்டுல ஒரு மூலை குடுத்தாப் போதும்.

அர்த்தனாரி: காய்ச்சல்னு சொன்னியே?

இருசாயி: வாய் தவறிருச்சு மாமா. நீங்க மேல கேளுங்க.

அர்த்தனாரி: அண்ணங்காரன் என்ன சொல்றான்? குழந்தைசாமி, நீ அவனுக்காகப் பேசு.

குழந்தைசாமி: நானா?

அர்த்தனாரி: வேற யாரு இருக்கா இங்க?

குழந்தைசாமி: அவன் என்னத்தச் சொல்லுவானுங்க... ஊரு முன்னால அவ செத்துட்டான்னு சொன்ன வாயி. அதே வாயால வான்னு கூப்பிட்டா, நாளைக்கு எவன் மதிப்பான்? அதான் தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டு நின்னான். அவன் ஒண்ணும் கல்லு இல்லீங்க. அந்தப் பக்கம் அவ அழுவறது அவனுக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அர்த்தனாரி: படத்துல அவன் மூஞ்சியக் காட்டவே இல்லியேப்பா. முதுகத்தான் காட்டினான்.

குழந்தைசாமி: முதுகப் பாத்தாப் போதாதுங்களா? எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் போல இருந்துச்சு. அப்பன் ஆத்தா போனப்பறம் அவள நடக்கப் பழக்கி வளர்த்தவன் அவன்.

இருசாயி: ஏனுங்க... அது படத்துல இல்லீங்க.

குழந்தைசாமி: இல்லையா? ...இருந்த மாதிரி இருந்துச்சு.

அர்த்தனாரி: அவ இன்னொரு தடவை வந்து தட்டினா தொறப்பானா?

குழந்தைசாமி: ஊரு என்ன—

அர்த்தனாரி: ஊர நான் பாத்துக்கறேன். நான் அவனக் கேட்டேன்.

குழந்தைசாமி: தொறப்பானுங்க. தட்டறதுக்கு முந்தியே தொறந்து வெச்சிருப்பான்.

அர்த்தனாரி: அப்பத் தீர்ப்பு சுலபம். ஓடிப் போனவ மேலதான குத்தம்? அவளுக்கு ஊரே கூடிக் கருமாதி செஞ்சாச்சு. ஆளு போனதோட குத்தமும் போச்சு. செத்தவ மேல எந்தக் கூட்டத்துலயும் வழக்கு நிக்காது.

இருசாயி: அப்பத் திரும்பி வர்றவ?

அர்த்தனாரி: அவ புதுசாப் பொறந்தவ. சின்னுசாமியக் கரடி தூக்கிட்டுப் போச்சுன்னு கருமாதி செஞ்சோம், ஆறு மாசம் கழிச்சு சேலத்துல இருந்து பொடிநடையா வந்து சேர்ந்தான். என்ன செஞ்சோம்? ஓடையில தலை முழுக்காட்டி, புதுத் துணி கட்டி, பொறந்த கொழந்தைக்கு வெக்கற மாதிரி பேரு வெச்சு ஊட்டுக்குள்ள விட்டோம். அவனுக்கு ஒரு மொறை, பொட்டப்புள்ளைக்கு ஒரு மொறையா?

குழந்தைசாமி: பொன்னன் ஒத்துக்குவானுங்களா?

அர்த்தனாரி: கருமாதிச் சோறு தின்னவன் எவனும் அவ சாகலன்னு சொல்ல முடியாது. பொன்னன் ரெண்டு தடவை வாங்கித் தின்னான்.

இருசாயி: தலை முழுக்காட்டறது யாருங்க மாமா?

அர்த்தனாரி: கூடப் பொறந்தவன்தான். அவன் கையால ஓடைத் தண்ணிய மொண்டு அவ தலையில ஊத்தணும். ஊரு முன்னால.

குழந்தைசாமி: ஊத்தறேனுங்க.

அர்த்தனாரி: நான் படத்துக்குச் சொன்னேன்.

குழந்தைசாமி: ...நானும் படத்துக்குத்தான் சொன்னேன்.

இருசாயி: மாமா, ஊர்க்கவுண்டரு ஒரு தடவை சொன்ன தீர்ப்ப மாத்துவாருங்களா?

அர்த்தனாரி: இது வரைக்கும் மாத்தினதில்ல.

இருசாயி: அப்பச் சொல்லிர்றேன். ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. நேத்து மெஷின நிறுத்தினப்ப நான் வெளிய போனேன்ல... தண்ணி குடிக்கப் போகல. டென்ட்டுக்குப் பின்னால அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அங்க பாவாயி உக்காந்திருந்தா. படம் காட்டறவங்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு, அவங்களோட ஊர் ஊராப் போறாளாம். அந்த நாடகக்காரன் போன ஐப்பசியில காய்ச்சல்ல செத்துட்டானாம். நடிச்சதுக்குக் கூலின்னு அந்தக் கிழிஞ்ச சேலையத்தான் குடுத்தாங்களாம்.

அர்த்தனாரி: ம்.

இருசாயி: என்னால அப்படியே விட்டுட்டு வர முடியல மாமா. வெடியால எங்களுக்குப் பின்னால ரெண்டு திருப்பம் தள்ளி ஏறி வா கண்ணு, நான் பேசிப் பாக்கறேன்னு சொன்னேன். இப்ப அந்த மூங்கில் பொதருக்கிட்ட நிக்கறா.

குழந்தைசாமி: மூங்கில் பொதருக்கிட்ட இல்ல. அதுக்குக் கீழ, பாறையோரம்.

இருசாயி: ஏனுங்க...

குழந்தைசாமி: மொத மேட்டுலயே பாத்துட்டேன். காலுல என்னமோ குத்தியிருக்குது, நொண்டறா. நாம வெரசா ஏறினா அவளுக்கு எட்டாது. எனக்கு முட்டி வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

இருசாயி: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

குழந்தைசாமி: பெரியப்பா கூடவே வாராரு. எப்படிச் சொல்லுவேன்? ...பெரியப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க ரெண்டு பேரும் உங்ககிட்ட மறைச்சுட்டோம்.

அர்த்தனாரி: நீங்க ரெண்டு பேரு மட்டுமா? பொன்னனையும் மத்தவங்களையும் வெடியாலயே குறுக்குத் தடத்துல முன்னால அனுப்பிட்டு, என் கட்டுச்சோத்த அந்தப் பாறை மேல பிரிச்சு வெச்சுட்டு வந்தது யாருன்னு நெனைக்கறே? அவ தின்னு முடிச்சதும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வா, நான் முன்னால போயி ஓடைக்கு ஊர வரச் சொல்றேன்.