பின்தங்கிய கடிகாரம்

—சுவத்துல மணி பதினொண்ணு. உன் கம்ப்யூட்டர் பத்தரைங்குது. ஏன்டா மாப்ள?

—அது ஒண்ணுமில்ல மாமா. சாவியக் குடுத்துட்டீங்கல்ல, கிளம்புங்க.

—பேச்சை மாத்தாத. குளிர்கிடங்கு அபாய மணி அடிச்ச நேரத்தை எழுதுறது இதானே?

—மெதுவா மாமா, எல்லாரும் பாக்குறாங்க.

—பாக்கட்டும்! குளிர்கிடங்கு மருந்தெல்லாம் பாழ், மணி அடிச்சும் இருபது நிமிஷம் குறட்டை விட்டான்னு போன வாரம் வேலையவிட்டு என்னை வெளிய தள்ளினாங்களே, அப்பவும் இதே கூட்டம்தான் பாத்துச்சு. மணி அடிச்ச உடனே ஓடிப்போய் மணியை நிறுத்துற பட்டனை அழுத்தினேன்டா!

—அழுத்துனீங்க. பட்டன் நேரத்தை எழுதுற மிஷின் சரியாத்தான் ஓடுது. இது... தனி கம்ப்யூட்டரே இல்ல மாமா. ஒரு பெரிய சர்வருக்குள்ள ஓடுற பத்துல ஒண்ணு. வர்ச்சுவல் மிஷின்.

—வாடகைக்குடி.

—ஆமா. வீட்டுக்காரன் துடிப்பு குடுத்தாத்தான் இது நேரத்தை எண்ணும். சர்வருக்கு வேலை ஜாஸ்தியானா துடிப்பு விட்டுப்போகும். கொஞ்சங்கொஞ்சமா பின்தங்கிடும். போன வாரம் இருபது நிமிஷம், இன்னைக்கு அரை மணி.

—அப்ப மணி அடிக்கிறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே அடிச்சதா எழுதிருக்கு! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இதைச் சரிபண்ண வழியே கிடையாதா?

—ரெண்டு வழி இருக்கு. சர்வரும் நேரம் சொல்லும், நெட்வொர்க்கும் சொல்லும். ரெண்டும் ஒண்ணா ஓடி ஆளுக்கொரு பக்கம் இழுத்துச்சு. ரெண்டையும் நிறுத்திட்டு, ஒண்ணை மட்டும் திரும்பப் போடணும்.

—போடல.

—மறந்தாச்சு.

—எந்த மடப்பய மறந்தான்? வாயத் தொறடா!

—நான்தான் மாமா.

—அடப்பாவி! ஒரே வீட்டுல, தினம் என் பக்கத்துல உக்காந்து எப்படிடா சோறு எறங்குச்சு உனக்கு? தெரிஞ்சும் இதை ஏன் இன்னும் சரிபண்ணல?

—தொட்டா, தொட்டது யாருன்னு பதிவாகும். என் வேலையும் போயிடும்.

—என் மானம் போச்சேடா! ராத்திரி பகலா ஒரே புழுக்கம் எனக்கு. கட்டினவளே, ‘கொஞ்சம் கண்ணசந்திருப்பீங்க, ஒத்துக்கிட்டு விடுங்க’ங்கிறா. மேனேஜர் அப்புறம். முதல்ல வீட்டுக்கு நட. உங்க அக்கா முன்னாடி நின்னு இதைச் சொல்லு. அவளாவது என்னை நம்பட்டும்.

—அக்காகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன் மாமா. ‘வீட்டுல ஒரு வேலை போனது போதும், மூச்சு விடாதே’ன்னு சொன்னதே அவதான்.