சுண்ணாம்புக்குத் தண்ணீர்

அவுரிச் சாயத்துக்குப் பழைய சுண்ணாம்பு ஆகாதுங்க அம்மா. அன்றன்றைக்குக் கல்லில் தண்ணீர் ஊற்றி நீற்றினால்தான் நீலம் தெளிந்து அடியில் இறங்கும். நீங்கள் கேட்பது அதுவல்ல என்று தெரியும். அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் தொட்டி. இலை ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு விட்டுக் கடைவோம். நுரை பச்சையிலிருந்து நீலமாகும்போது நிறுத்திவிட வேண்டும். அந்த நேரம் என் மகள் கோகிலவாணியின் கண்ணுக்குத்தான் பிடிபடும். அந்தக் கண்ணுக்காகவே திருப்பூரில் ஒரு துணிக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது.

"திங்கக்கெழம கெளம்பறேம்மா."

"தொட்டிய யாருடி பாக்கிறது?"

"ஏன், உனக்குக் கண்ணு இல்லியா?" என்று சிரித்தாள். "நீயும் வந்துடேன். ரெண்டு பேருமா இருக்கலாம்."

"ஊர உட்டுட்டா?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பானை வெடித்து முகத்தில் தெறித்தது. அதை நான் செய்யவில்லை. எழுதும்போது அதைச் சரியாக எழுதுங்கள்.

எங்களோடு தொட்டி கடைகிற மலைக்காரப் பெண் வெள்ளச்சி குடத்தோடு ஓடி வந்தாள்.

"வாணி, கண்ணக் கசக்காத. இரு, தண்ணி ஊத்தறேன்!"

"ஊத்தாத வெள்ளச்சி. சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்," என்றேன் நான்.

"அப்ப இன்னாத்த பண்றது அத்தே?"

"வூட்டுல வெளக்கெண்ண இருக்குது. எடுத்துக்கினு வா."

வெள்ளச்சி நம்பினாள். தினமும் கல் கொதிப்பதைப் பார்க்கிறவள், நம்பாமல் என்ன செய்வாள்? உடனே தண்ணீரில் கழுவியிருந்தால் பார்வை மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். "பாவம், தெரியாம சொல்லிட்டாங்க," என்றது ஊர்.

அதன்பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். "இன்னிக்கு நீலம் எப்பிடிம்மா வந்துகீது?" என்று கேட்பாள். சொல்வேன். திருப்பூர்ப் பேச்சே இல்லை.

போன வாரம் என் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. பக்கத்துக் குடத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக் கழுவினேன். அவள் அருகில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. சுண்ணாம்பு."

தண்ணீர்ச் சத்தத்தைக் காதில் வாங்கினாள். பிறகு கேட்டாள்: "தண்ணியிலயா கழுவற?"

இன்னொரு கை அள்ளி அடித்தேன்.

"அன்னிக்கும் உனக்குத் தெரியும், இல்லம்மா?"

தெரியும் என்றேன். கழுவினால் பார்வை பிழைக்கும், பிழைத்தால் போய்விடுவாள் என்று தெரிந்துதான் தடுத்தேன். பிள்ளையிடம் பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

அன்றைக்கே வெள்ளச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். என்னைக் கூட்டிவந்தும் நாலு நாளாகிறது. இன்னும் ஒரு தடவைகூட அவள் என்னைப் பார்க்க வரவில்லை. கண் தெரியாத பிள்ளை, வழி தெரிந்திருக்காது.