கால் படாத இடம்

வெட்சிக்கு அளவாகத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் ஐயா. பூச்செடி வளர்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். என்னுடையது குட்டை ரகம். முழங்காலுக்கு மேலே போகாது, கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்கும். கல்முனைக் கடற்கரை மணலில் அதற்கு இலை வெளிறிவிடும் என்று, இறக்காமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மண் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வீடு என் மாமி ஸைனம்பு கட்டி, மகள் ஸுஹைறாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போன நாளிலிருந்து, ஜன்னலுக்குப் பெயின்ற் அடிப்பதானாலும் மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மாமி கெட்டவர் அல்ல. முழங்கால் வலிக்குப் பள்ளிவாசல் லெவ்வையிடம் ஓதிய தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அதில் மிஞ்சியதைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது, கால் படாத இடமாகப் பார்த்து ஊற்ற வேண்டும். அதை நானும் நம்புகிறவன்தான். ஆனால் எங்கள் சின்ன வீட்டு வளவில் கால் படாத இடம் என் செடியின் அடி மட்டும்தான்.

முதல் செடி வேரழுகிச் செத்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஓதின தண்ணியால பூக்கண்டு சாகுமா மகன்? என்ன கதை கதைக்கிறியள்?" என்றார் மாமி.

தண்ணீரைக் குறை சொன்னால் ஓதலைக் குறை சொன்னதாகிவிடும். அடுத்த செடியை வைத்தேன். மாமியோ, மருமகன் கால் படாத இடம் வைத்திருக்கிறார் என்று தெருவெல்லாம் பெருமையடித்துவிட்டார். அயல் பெண்களும் தங்கள் போத்தல்களோடு வரத் தொடங்கினார்கள். அஸர் தொழுகை முடிந்தால் செடியைச் சுற்றிச் சேறு. அதுவும் போயிற்று. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது, ஆனால் யார்மேல் எரிந்து விழுவது?

மூன்றாவதை வளவு மூலையில், பழைய கிணற்றுக்கு அப்பால், மதிலோடு ஒட்டி நட்டேன். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றின் சுற்றுச்சுவரை இடித்து, வாயைப் பலகையால் மூடியிருந்தோம். அந்தப் பலகையைக் கறையான் அரித்துவிட்டது. ஸுஹைறாவின் தம்பி ஸஹீத் புதுப் பலகை கொண்டுவந்து தந்தான். "உடன மாத்துங்க மச்சான். ஆராச்சும் உழுந்திருவாங்க" என்றான்.

அந்தப் புதுப் பலகையால் செடிக்குச் சுற்றிவரப் பாத்தி அடைத்தேன். மண் சரியாமல் நிற்க வேண்டுமே.

செடிக்குப் போவதானால் கிணற்றின் மேல்தான் போக வேண்டும். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் வருவேன். கிணற்றடியில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளிடமும் அயலாரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். மாமியிடம் மட்டும் வேறு விதமாகச் சொன்னேன்.

"மாமி, இப்ப அதுதான் ஊட்டுல காலு படாத இடம்."

"அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யணும் மகன்" என்றார்.

அன்று அவர் போத்தலோடு வந்தபோது, நான் செடியருகே இருந்து காய்ந்த பூக்கொத்துகளை வெட்டிக்கொண்டிருந்தேன். பிஸ்மி சொல்லிக்கொண்டே பலகையில் கால் வைத்தார்.

அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டது கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டது. "மகன், கயிறு" என்று கூப்பிட்டார். பிறகு "மகன்" என்று மட்டும். நான் மிச்சக் கொத்துகளையும் வெட்டி முடித்தேன். காய்ந்ததை விட்டுவைத்தால் அடுத்த பூ பிந்திவிடும். அதற்குப் பிறகுதான் போய் ஸுஹைறாவிடம் சொன்னேன். அதற்குள் சத்தம் நின்றிருந்தது.

மாமியை நான் தொடவில்லை. செடியைத்தான் இடம் மாற்றினேன். இப்போது நல்ல தளிர் விட்டிருக்கிறது. ஆனால் ஸஹீத் கிணற்றுக்குச் சிமெந்து மூடி போட்டுவிட்டான். அதன்மேல் நின்று, உம்மா ஊற்ற வந்த இடம் என்று அழுதுகொண்டு, ஸுஹைறா தினமும் ஒரு போத்தலைச் செடியடியில் கவிழ்க்கிறாள். இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.

நான் பொலிசுக்கு வந்ததே அதற்காகத்தான் ஐயா. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.